ஆணி அடிக்காத கூரை

மழை வந்தால் சந்தில் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். கன்னையா வெளியே வருவான். தலையில் ஒரு கோணிச்சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு, தன் வீட்டுக் கூரை ஓரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஆற்றை நோக்கிச் சரியும் அந்தச் சந்துக்கு இது பழகிப்போன காட்சி. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"கன்னையா, மழை மேலேர்ந்துதான் வருது. நாங்களும் பாத்துட்டோம். நீ உள்ள போ."

அவன் திரும்ப மாட்டான். கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர், ஓரமாக ஓடும் தகரப் பீலியில் விழுந்து, மூலைக் குழாய் வழியாக வாய்க்காலுக்கு வந்து சேர வேண்டும். அது வருகிறதா என்று பார்ப்பான். வந்தால், எங்கேயும் தங்காமல் முழுவதும் வருகிறதா என்று பார்ப்பான். முழுவதும் வந்தாலும் அடுத்த மழைக்கு வருமா என்ற கவலையோடுதான் உள்ளே போவான்.

வேலை செய்யும் இடத்திலும் இதே கதைதான். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில், சரக்கு ஏற்றிய வேகன்களுக்குத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுவது அவன் வேலை. அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் முடிச்சுப் போட்டு நாலடி நடந்தவன் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். வண்டி ஈப்போ பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். இவன் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி கையை நிறுத்துவான்.

"என்ன?" என்பாள் சீதாலெட்சுமி.

"கடைசி வேகன். இடது பக்கக் கயிறு."

"அது இந்நேரம் கல்யாணம் பண்ணிக் குழந்தை குட்டியோட இருக்கும். நீங்க சாப்பிடுங்க."

கப்பலில் வந்து இறங்கிய வயதில் அவன் இப்படி இருந்ததில்லை என்று அவனோடு வந்தவர்கள் சொல்வார்கள். அப்போது கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். சிரித்துப் பேசுவான், கும்மிப் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடுவான், படுத்த இடத்தில் தூங்கிவிடுவான். சீதாலெட்சுமியை அங்கேதான் கட்டினான். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது கோலாலம்பூருக்கு வந்து கூட்ஸ் ஷெட்டில் சேர்ந்தான். 1926ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய ஒரு பலகை வீட்டை, ஊருக்குத் திரும்பிப் போன ஒருவரிடமிருந்து வாங்கினான். சுவர் பலகை, கூரை தகரம். பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் பாதிக் கூரைக்குமேல் கிளையை விரித்திருந்தது. மரத்தடியில் முனியாண்டியின் சூலம். அதனால் கிளையை வெட்டுவது என்ற பேச்சே அந்தச் சந்தில் கிடையாது.

1935ஆம் வருஷம் சீதாலெட்சுமிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, கொசு ஒழிக்கும் வேலையில் இருந்த கார்த்திகேசு வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தோளில் ஒரு மூங்கில் ஏணியும், கையில் நீளக் காம்பு வைத்த ஒரு தகர அகப்பையும் இருக்கும். ஏணியைச் சாய்த்து ஏறியவர், பீலிக்குள் அகப்பையை விட்டு அள்ளி, கீழே இறங்கினார்.

"கன்னையா, இஞ்ச வாரும். இதுக்குள்ள என்ன கிடக்குது எண்டு பாரும்."

அகப்பையில் கறுத்த தண்ணீர். அழுகிய இலைக் குப்பை. அதற்கு நடுவே நூல் துண்டு போன்ற கூத்தாடிப் புழுக்கள் வளைந்தும் நிமிர்ந்தும் துள்ளிக்கொண்டிருந்தன.

"தண்ணி குழாயால வருதுதானே எண்டு நினைச்சிருப்பீர். வாறது பாதி. மிச்சம் இலைக்குப் பின்னால குளம் கட்டி நிக்குது. நல்ல கொசுப் பண்ணை வைச்சிருக்கிறீர்."

கன்னையாவின் கண் வாசலில் நின்ற மனைவியின் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது. "இதுல இருந்துதான் காய்ச்சல் வருமாங்க ஐயா?"

"கொசுவால வரும். கொசு இப்பிடியான தண்ணியால வரும்."

"தினம் ஏறி அள்ளிடறேன்."

"நீர் அள்ளுவீர், மரம் கொட்டும். சின்னக் கண் கம்பி வலை வாங்கிப் பீலியை மூடிவிடும். வலையின்ர மேல் கரையைக் கூரைத் தகரத்துக்கு அடியில சொருகி ஆணி அடிச்சுவிட்டா, இலை அதுக்கு மேலால வழுக்கிப் போகும். தண்ணி மட்டும் உள்ள இறங்கும்." அகப்பையை மண்ணில் கவிழ்த்துவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "அவ்வளவுதான் வேலை."

மறுநாளே கன்னையா சீனர் தகரக்கடைக்குப் போனான். சாப்பாட்டு அலமாரிக்கு அடிக்கும் கம்பி வலை அங்கே சுருள் சுருளாக இருந்தது. கடை முதலாளி தவுக்கே ஒவ்வொரு சுருளாக விரித்துக் காட்ட, இவன் ஒவ்வொரு கண்ணிலும் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தான்.

"என்ன மீன் பிடிக்கப் போறே?" என்று மலாயில் கேட்டார் தவுக்கே.

"இலை," என்றான் கன்னையா.

வலையைத் தோளிலும் சுத்தியலை இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஏணியில் கால் வைக்கும்போது, பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவரின் மனைவி. சந்தில் பிறந்த பாதிப் பிள்ளைகள் அவள் கையில்தான் விழுந்திருந்தன.

"தம்பி, இடுப்புல என்னது?"

"சுத்தியல், அக்கா."

"அது எனக்கும் தெரியுது. எங்க கொண்டு போறீங்க?"

"மேல. பீலிக்கு வலை வைக்கணும். தகரத்தோட ஆணியைக் கழட்டிட்டு, உள்ள சொருகித் திருப்பி அடிச்சா…"

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுலயா?"

அதட்டலாகக் கேட்கவில்லை. அதனாலேயே அது போய் ஆழமாக இறங்கியது. கன்னையாவின் கால் ஏணியின் முதல் படியிலேயே நின்றது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன்காரன் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, கூரை பிரிக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாத விஷயமா? மற்ற எவனையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தோட்டத்தில் இருந்தபோது சீதாலெட்சுமிக்கு ஒரு பிள்ளை தங்கியது. ஆறாம் மாதத்தில் ஒரு நாள், அவள் பால்மரக் காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், குடியிருந்த லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று கன்னையா ஏறி நாலைந்து ஆணி அடித்தான். அந்த மாதம் முடிவதற்குள் அவளுக்கு நடுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காய்ச்சல்தான் காரணம் என்றார். லயத்துப் பெண்கள் ஆணிதான் என்றார்கள். டிரஸ்ஸரை நம்பினால், கொசு வளரும் சாக்கடை ஓரத்து அறையை மாற்றிக் கேட்காத குற்றம் அவனுடையது. பெண்களை நம்பினால் சுத்தியல் அவன் கையில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனே நின்றான். அன்றைக்குப் போன தூக்கம்தான். முழுசாகத் திரும்பி வரவில்லை.

"இறங்குங்க," என்றாள் இராஜம்மா அக்கா. "அந்த வலை எங்கயும் ஓடிப் போயிடாது. புள்ள பொறக்கட்டும்."

"அதுக்குள்ள கொசு கடிச்சா?"

அவன் ஏணியை விட்டு இறங்கும்வரை அவள் வேலியோரமே நின்றாள்.

சீதாலெட்சுமி எல்லாவற்றையும் வாசற்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கன்னையா சுத்தியலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தபோது, "நீங்க கயிறு கட்டற ஆள்தானே," என்றாள். "கட்டிப் பாருங்களேன்."

கட்டலாம்தான். கீழ்க்கரையை, பீலியின் வெளி விளிம்போடு சேர்த்துச் செம்புக் கம்பியால் இழைத்துக் கட்டினான். வேகன் தார்ப்பாயைக்கூட அவன் அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருக்க மாட்டான். மேல் கரைதான் பிரச்சினை. தகரத்துக்கு அடியில் சொருக வழியில்லாமல் அது கூரைமேல் சும்மா படுத்துக் கிடந்தது. காற்று அடித்தால் தூக்கும். மேலே பாரம் வைக்க வேண்டும். செங்கல் வைத்தால் உருண்டு யார் தலையிலாவது விழும். இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டு நடந்தவன், சமையல் கட்டு மூலையில் ஒரு சாக்கைக் கண்டு நின்றுவிட்டான்.

சாக்கு நிறையக் கொட்டாங்குச்சி. பிள்ளை தங்கியது தெரிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் முனியாண்டிக்குத் தேங்காய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் கையால் உடைக்கக் கூடாது என்று பூசாரிதான் உடைப்பார். அந்தச் சிரட்டையை அடுப்பில் எரிக்கக் கூடாது, குப்பையில் போட்டுக் கால்படவும் விடக் கூடாது, பிள்ளை பிறந்த பிறகு ஆற்றில் விடலாம் என்பது இராஜம்மா அக்காவின் உத்தரவு. அதனால் எல்லாம் சாக்கில் சேர்ந்துகொண்டே இருந்தன.

கன்னையா ஒவ்வொன்றிலும் ஆற்று மணலை அழுத்தி நிரப்பினான். தகரத்தின் நெளிவுக்குள் சிரட்டையின் அடிவயிறு அளவெடுத்ததுபோல உட்கார்ந்துகொண்டது. வலையின் மேல் கரை நெடுக வரிசையாக வைத்தான். ஆணி இல்லை, சுத்தியல் சத்தம் இல்லை. பிள்ளைக்காக உடைத்த தேங்காயே பிள்ளைக்குக் காவல். கீழே நின்று பார்த்தபோது அவனுக்கே நெஞ்சு நிறைந்தது. இராஜம்மா அக்காவும் வந்து பார்த்துவிட்டு, "முனியாண்டி ஐயாவே மேல உக்காந்த மாதிரி இருக்கு," என்றாள்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. கன்னையா சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றான். இலைகள் வலைமேல் வழுக்கி விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தன. மூலைக் குழாயிலிருந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்து முகர்ந்து பார்த்தான். அழுகல் வாடை இல்லை.

"குடிச்சுப் பாக்கலியா?" என்றாள் சீதாலெட்சுமி உள்ளேயிருந்து.

அதோடு அவன் அடங்கியிருப்பான் என்று நினைத்தால் தவறு. மறுநாள் காலை ஏறினான். அடுத்த நாளும் ஏறினான். மூன்றாவது தடவை ஈரத் தகரத்தில் கால் வழுக்கி, ஏணியோடு சரிந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு விழுந்தான். சீதாலெட்சுமி அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இனிமே ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

"குழாயில தண்ணி…"

"குழாயைக் கீழ நின்னு பாருங்க. ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னான். சொன்னபடியே நடந்தான். ஒவ்வொரு மழைக்கும் குழாய் வாயைப் பார்த்தான். தண்ணீர் வந்தது, தெளிவாக வந்தது. அண்ணாந்தால் சிரட்டைகளின் பழுப்பு நிற முதுகு வரிசையாகத் தெரியும். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால் மனசுக்குள் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. எதையோ பார்க்காமல் விட்டுவிட்டது போல. என்ன என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருப்பான். எழுந்தவன் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் தண்ணீர்ப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவான்.

ஏழாம் மாதம் சந்துப் பெண்கள் கூடிச் சீதாலெட்சுமிக்கு வளையல் அடுக்கினார்கள். ஐப்பசி பிறந்து மழை நாள் தவறாமல் வந்தது. ஆற்றில் தண்ணீர் பழுப்பாக உயர்ந்தது. அந்த மாதத்தின் நடுவில் ஒரு மத்தியானம், கூட்ஸ் ஷெட்டிலிருந்து வந்தவன், சீதாலெட்சுமி வெயில் நேரத்தில் கம்பளியைப் போர்த்திச் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தான். வளையல்கள் ஒன்றோடொன்று மோதி நடுங்கிக்கொண்டிருந்தன.

கன்னையா அவளைக் கம்பளியோடு தூக்கினான். ஒரு ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கொய்னா மருந்து கொடுத்தார்கள், சில நாள் வைத்திருந்து, காய்ச்சல் இறங்கியதும் அனுப்பினார்கள். பிள்ளை அசைகிறது என்று சொன்னார்கள். அவன் அதை நம்பினான். ஆனாலும் அவள் தூங்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான்.

"அசையுதா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்பாள்.

"இல்ல."

"நீங்க கையை வச்சா அது மூச்சைப் பிடிச்சுக்குது. எடுங்க."

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காலை கார்த்திகேசு வந்தார். காய்ச்சல் கண்ட வீடுகளைச் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். கன்னையா அவரைக் கண்டதும் ஓடிப்போய், தானே மூங்கில் ஏணியை வாங்கிச் சாய்த்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே வலை வச்சுட்டேங்க ஐயா. தண்ணி தங்கவே இல்ல. குழாயைப் பாருங்க."

"பார்ப்பம்."

ஏறினார். வலையைத் தூக்கிப் பீலிக்குள் அகப்பையை விட்டார். "பீலி நல்ல துப்புரவு," என்று மேலிருந்து குரல் வந்தது. கன்னையா மூச்சு விட்டான். பிறகு அவர் கை வலையைத் தாண்டிக் கூரைப் பக்கம் நீண்டது. அவர் இறங்கும்போது ஒரு கையில் ஏணியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில், சிந்தாமல் பதமாக, ஒரு சிரட்டை இருந்தது.

"இதை ஏன் வைச்சனீர்?"

"பாரத்துக்குங்க. மணல் போட்டு…"

"மணல் எங்க?"

கன்னையா குனிந்து பார்த்தான். மழை ஒவ்வொன்றாக எல்லா மணலையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. அடியில் ஒரு சிட்டிகை மட்டும் மிச்சம். அதற்குமேல் விளிம்புவரை தண்ணீர். தண்ணீருக்குள் கூத்தாடிப் புழுக்கள், மேலும் கீழுமாக, யாருக்கோ அவசரமாகச் சைகை காட்டுவதுபோல.

"எல்லாத்திலயுமா?"

"ஒண்டும் மிச்சமில்லை. பீலியைப் பூட்டிப்போட்டு, அதுக்கு மேலால வரிசையாக் கிண்ணம் வைச்சிருக்கிறீர்." திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்திருப்பார், கன்னையாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதாலதான் உம்மட மனுசிக்குக் காய்ச்சல் வந்தது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆற்றங்கரை முழுக்கக் கொசுதான். ஆனா இதை விட்டு வைக்கேலாது. இண்டைக்கே எடுத்துப்போடும்."

கன்னையா அந்தச் சிரட்டையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். தோட்டத்தில் பால் வடிய மரத்துக்கு மரம் ஒரு மங்கு கட்டியிருப்பார்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் கங்காணி கத்திக்கொண்டே போவார், மங்கைக் கவுத்து, மங்கைக் கவுத்து என்று. எத்தனை ஆயிரம் மங்குகளை இந்தக் கை கவிழ்த்திருக்கும். தண்ணீர் நின்றால் கொசு என்பது கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும். இது சாமி சிரட்டை என்பதால் கைக்கு மறந்துபோயிற்று. இத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்தது இதுதான்.

கார்த்திகேசு போனதும் ஏணியைப் போட்டு ஏறினான். சிரட்டை சிரட்டையாகத் தண்ணீரைக் கொட்டிச் சாக்கில் போட்டான். இராஜம்மா அக்கா வேலியோரம் வந்து நின்றாள். கடைசிச் சிரட்டையை எடுத்ததும் வலையின் மேல் கரை காற்றில் எழுந்து படபடத்தது. மேற்கே, பங்சார் பக்கத்து ரப்பர் காட்டுக்குமேல், வானம் கறுத்து வந்தது. இன்று மழைக்கு வலை பிய்ந்துவிடும். பிய்ந்தால் இலை அடைக்கும். இலை அடைத்தால் பழையபடி குளம்.

இறங்கி வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்தான். திரும்ப வைத்தான். மறுபடியும் எடுத்தான். கட்டிலில் படுத்திருந்த சீதாலெட்சுமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"சிரட்டையெல்லாம் எடுத்துட்டேன். வலை நிக்காது."

"அப்ப அடிங்க."

வாசலில் இராஜம்மா அக்கா வந்துவிட்டாள். "சீதா, காய்ச்சல்ல பேசறே. நாள் நெருங்குது. அப்படியே அடிச்சுத்தான் ஆகணும்னா, நீ என் வீட்டுக்கு வந்து படு. இவரு வேண்டாம், எங்க வீட்டுக்காரர் வந்ததும் அவரு அடிக்கட்டும். ஒன் காதுல விழாம நடக்கட்டும்."

சீதாலெட்சுமி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முகம் காய்ச்சலில் வற்றியிருந்தது. "வேண்டாங்க்கா. தோட்டத்துல நான் இல்லாதப்பதான் அடிச்சாரு. அப்புறம் வேற ஆளுங்க சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுலேர்ந்து ரெண்டு பேருக்கும் நிம்மதி இல்ல. யாரோ அடிச்சு, நான் எங்கயோ படுத்திருந்து, நாளைக்கு இடுப்பு லேசா வலிச்சாலும் இவரு ஆணியைத்தான் நெனைப்பாரு." கணவனைப் பார்த்தாள். "நான் இங்கயே இருக்கேன். நீங்களே அடிங்க. எனக்குக் கேக்கணும்."

"புள்ளைக்கு ஏதாச்சும்…"

"போன தடவையும் காய்ச்சல் வந்துச்சு. ஆணியும் அடிச்சீங்க. இந்தத் தடவை காய்ச்சல் வந்துடுச்சு, ஆணி அடிக்கல. அதை யோசிச்சீங்களா?"

அவன் யோசிக்கவில்லை. இராஜம்மா அக்காவும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், போகவும் இல்லை.

கன்னையா ஏறினான். தகரத்தின் பழைய ஆணிகளை நெம்பி எடுத்தான். வலையின் கரையைத் தகரத்துக்கு அடியில் சொருகி இழுத்துப் பிடித்தான். முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். கை அந்தரத்தில் நின்றது. உள்ளங்கை வியர்வையில் சுத்தியல் பிடி நழுவியது. முதல் அடி ஆணியின்மேல் படாமல் தகரத்தில் விழுந்து, கூரை முழுவதும் அதிர்ந்தது.

"சீதா," என்று கூப்பிட்டான். "ஒண்ணும் இல்லியே?"

உள்ளேயிருந்து, அவன் காலுக்குக் கீழே இருந்த பலகைச் சுவரில், விரல் முட்டியால் இரண்டு தட்டு. கூடவே வளையல் சத்தம்.

அடித்தான். ஆணி இறங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். இரண்டு தட்டு. அடுத்த ஆணி. காற்று மரத்தை உலுக்கி அவன் முதுகில் இலையைக் கொட்டியது. இரண்டு தட்டு. ஒரு தடவை தட்டு வரத் தாமதமானது. அவன் ஏணியில் ஒரு படி இறங்கியே விட்டான். அப்புறம் இராஜம்மா அக்காவின் குரல் கேட்டது. "தண்ணி குடிக்கிறா, தம்பி. அடிச்சுத் தொலைங்க." அதைத் தொடர்ந்து இரண்டு தட்டு. அது கனமான கை. வளையல் சத்தம் இல்லை.

கடைசி ஆணி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

காய்ச்சல் இன்னொரு முறை எட்டிப் பார்த்தது. கொய்னாவின் வேகத்தில் சீதாலெட்சுமிக்குக் காது இரைந்தது. அந்த நாட்களில் கன்னையா கூட்ஸ் ஷெட்டில் முடிச்சுகளை ஒரு தடவைக்கு நாலு தடவை இழுத்துப் பார்த்தான். மேஸ்திரி, "வேகன் போகணும்யா, நீ அதுகூட ஈப்போ வரைக்கும் போறியா?" என்று கேட்டார். கார்த்திகேசு மறுபடி ஏறிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லை," என்று இரண்டே வார்த்தையில் சொல்லிப் போனார். சாக்குச் சிரட்டைகள் சமையல் கட்டு மூலையில், எல்லாம் கவிழ்ந்தபடி காத்திருந்தன.

மார்கழியில் ஒரு காலைப்பொழுது பெண் பிறந்தது. எடை குறைவு; ஆனால் அழுத அழுகையில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கன்னையா அழுகையைக் கேட்டதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சிரட்டைகளை அன்றே ஆற்றில் கொண்டுபோய் விட்டான்.

மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது இராஜம்மா அக்கா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். குழந்தையின் வலது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு குழி. கன்னையா பார்த்துவிட்டான். அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"என்ன ரெண்டு பேரும் முழிக்கிறீங்க? கொடுங்க இப்படி." சீதாலெட்சுமி குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். "எத்தனை ஆணி அடிச்சீங்க?"

"எண்ணல."

"ஒரு கைப்பிடியாவது இருக்கும். அதுல ஒண்ணுதான் இவகிட்ட வந்திருக்கு. மத்ததெல்லாம் கூரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. போகட்டும்."

இராஜம்மா அக்கா சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள்; முடியவில்லை. "தோடு போட இன்னொரு ஓட்டை," என்று துண்டை எடுத்துக் குழந்தையின் தலையைத் துவட்டினாள்.

ஆனால் கன்னையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காது கேட்குமா என்ற கவலை வந்துவிட்டது. குழந்தை கட்டிலில் கிடந்தபோது மெதுவாகப் பின்னால் போய், பலகைச் சுவரில் விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினான். குழந்தையின் கை இரண்டும் விரிந்து உயர்ந்தன, கண் திறந்தது. இன்னொரு முறை தட்டினான். அது உதட்டைப் பிதுக்கியது.

"போதும். பயந்துக்கப் போறா," என்றாள் சீதாலெட்சுமி. "அவளுக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும்."

அப்போது தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. பிறகு நாலாபக்கமும் சேர்ந்து விழுந்தன. கன்னையா ஆணியில் மாட்டியிருந்த கோணிச்சாக்கை எடுத்தான். வாசலில் ஒரு கணம் நின்றான். மூலைக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் உள்ளேயே தெளிவாகக் கேட்டது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அவன் வெளியே போனான். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குழாய் வாயருகே குனிந்தான். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பின்னால், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, இரண்டு தட்டு கேட்டது. அவனும் நனைந்த விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நிமிர்ந்து, கூரை ஓரத்தைப் பார்த்தபடி நின்றான்.